சிவா அண்ணனின் பெயரில்

ஆடி, திங்கள்

கச்சான் காற்று. கந்தோர் யன்னலெல்லாம் புழுதி. துறைமுகத்தில் காலை முதல் நேவிப் படகுகளின் இரைச்சல். வாங்க வேண்டியவை: மெழுகுதிரி, பாண், அம்மாவின் பிரஷர் குளிசை.

லண்டனிலிருந்து மின்னஞ்சல். அந்தக் காப்புறுதிக் கம்பனிக்கு வெளிநாடுகளிலிருந்து வேலை செய்து கொடுக்கும் கந்தோர்கள் எல்லாவற்றிலும் மிகச் சிறந்த மேற்பார்வையாளர் எங்கள் சிவாவாம். தலைவர்களை உருவாக்கும் பயிற்சிக்கு அவரைத் தெரிவு செய்திருக்கிறார்களாம். வெள்ளிக்கிழமை தொலைபேசியில் கூப்பிட்டு வாழ்த்துவார்களாம்.

சிவா அண்ணன் மாசியில் காணாமல் போனவர். வேலை முடிந்து சாம்பல்தீவுக்குப் புறப்பட்டவர் வீடு போய்ச் சேரவில்லை. சைக்கிளும் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து அவர் பெயரில் கணினியைத் திறந்து, அவர் பெயரில் எல்லோருடைய வேலையையும் சரிபார்த்து அனுப்புவது நான். கொழும்பு மனேஜரின் உத்தரவு. "லண்டனுக்குத் தெரிஞ்சா இடம் பாதுகாப்பில்லையெண்டு வேலையை வேற நாட்டுக்குக் குடுத்திடுவாங்கள், பவானி." சரி என்றுவிட்டேன். இங்குள்ள பிள்ளைகளின் சோறு அது.

ஆக, இல்லாத மனிதர் நாளுக்கு நாள் கெட்டிக்காரர் ஆகிக்கொண்டு வந்திருக்கிறார். இரண்டு தரம் வாசித்தேன். பக்கத்து மேசை றிசானா எட்டிப் பார்த்துவிட்டு, "அல்லாஹ்வே" என்றாள்.

செவ்வாய்

மின்வெட்டு, இரண்டு தரம். மெழுகுதிரி வாங்க மறந்த மண்டை.

மனேஜர் கூப்பிட்டார். வெள்ளிக்கிழமை நான்தான் பேச வேண்டுமாம். சிவா வேறு வேலைக்குப் போய்விட்டார் என்று சொல்லி என் பெயரைக் கொடுக்க வேண்டுமாம். பயிற்சி எனக்கு, பதவியும் எனக்கு. பழைய பெயரைக் கணினியிலிருந்து அன்றைக்கே எடுத்துவிடுவார்கள். "உமக்கு நல்ல சான்ஸ்." ஆசை இல்லை என்று எழுதினால் பொய். இத்தனை மாதமும் செய்தது என் வேலை. ஆனாலும் பெயர் அவருடையது.

பயிற்சியின் முதல் பாடத்தை இப்போதே அனுப்பிவிட்டார்கள். எல்லோரும் புறப்பட்ட பிறகு புறப்படுபவரே தலைவராம். இதையே போன வருடம் கொழும்பில் படித்துவிட்டு வந்துதான் சிவா அண்ணன் எங்களை நேரத்தோடு அனுப்பிவிட்டுத் தனியே கந்தோரைப் பூட்டத் தொடங்கினார். காணாமல் போன அன்றைக்கும் அதே கதை. "நீங்கள் வெளிக்கிடுங்கோ, நான் பூட்டிப்போட்டு வாறன்." பொழுதுபட இந்த ஊர் ரோட்டில் தனி ஆளாய்ப் போவது என்னவென்று பாடம் எழுதினவனுக்கு யார் சொல்வது? ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. மூடி வைத்துவிட்டேன்.

புதன்

மதியக்கா வந்தார். சிவா அண்ணனின் மனைவி. புதன்கிழமைகளில் முறைப்பாடு கொடுத்த இடங்களுக்கெல்லாம் அலைந்துவிட்டுக் கடைசியாக இங்கே. கேட்பது ஒன்றுதான்.

"பேர் இருக்குதோ, பவானி?"

"ஓம் அக்கா, இருக்குது."

கணினியைத் திருப்பிக் காட்டுவேன். ஆங்கிலம் தெரியாது, ஆனால் அந்தப் பெயரை மட்டும் கண்டுபிடித்துவிடுவார். "வேலையில பேர் இருக்கிற ஆளை இல்லையெண்டு ஒருத்தரும் சொல்ல ஏலாது." இன்றும் சொன்னார்.

வெள்ளிக்குப் பிறகு காட்ட ஒன்றும் இராது. சொல்ல வாயெடுத்தேன். "தேத்தண்ணி குடிக்கிறியளோ" என்றுதான் வந்தது.

பிற்பகல் வேலை, நட்டஈடு கேட்டு வந்தவை: தண்ணீர் புகுந்த குசினி ஒன்று, உடைந்த கார்கள், தொலைந்த பயணப்பெட்டி. பெட்டியின் நிறம், கடைசியாகக் கண்ட இடம், நேரம், கண்டவர் யார், எல்லாம் விசாரித்து எழுதியிருக்கிறார்கள். ஒரு பெட்டிக்கு அங்கே எவ்வளவு மரியாதை.

யாரோ பின்னால் நின்று பார்ப்பது போல. சிவா அண்ணன் அப்படித்தான், சத்தமில்லாமல் வந்து நிற்பவர். பயத்தில் நான் திரும்பவில்லை.

வியாழன்

வழியில் ஆமிச் சோதனை, பஸ் பிந்திவிட்டது. றிசானா வரவில்லை. அவள் வரும் வழியில், குறிஞ்சாக்கேணியில், படகு ஓடவில்லையாம்.

வேலை முடிந்து நேரே சாம்பல்தீவு. சொல்லிவிட்டேன். லண்டன், பயிற்சி, என் பெயர், அவர் பெயர் அழியப் போவது. மதியக்கா கொடியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். அதில் சிவா அண்ணனின் சேட்டும். உடுக்காத சேட்டை ஏன் தோய்க்கிறீர்கள் என்று கேட்க முடியுமா?

அழவில்லை, ஏசவில்லை.

"வேற வேலைக்குப் போட்டாரெண்டோ சொல்லப் போறியள்?"

"அப்பிடித்தான் சொல்லச் சொல்லுகினம்."

"அது பொய்யெல்லோ."

"ஓம் அக்கா."

"நாளைக்கு நானும் வரட்டே?"

வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை. திரும்பும்போது இருட்டிக்கொண்டு வந்தது. ஆமிக்காரரின் சென்றியைத் தாண்டும் மட்டும் கெதியாய் நடந்தேன்.

வெள்ளி

காற்று விழுந்துவிட்டது. ஒரே புழுக்கம்.

மதியக்கா நேரத்தோடு வந்துவிட்டார். நல்ல சேலை, பெரிய பொட்டு. நேரே போய் சிவா அண்ணனின் கதிரையில் இருந்தார். நான்கூட அதில் இருப்பதில்லை, என் கதிரையை இழுத்துப்போட்டுத்தான் வேலை.

மூன்று மணிக்கு லண்டன். தொலைபேசியைச் சத்தமாக வைத்துச் சுற்றி நின்றோம். கொழும்பிலிருந்து மனேஜரும் இணைப்பில். வயதான குரல், நல்ல மனிதர் போல. சிரித்துச் சிரித்துப் பாராட்டினார். அங்கே கைதட்டினார்கள். பிறகு, சிவா, நீங்கள் இரண்டு வார்த்தை பேசுங்கள் என்றார்.

வேறு வேலைக்குப் போய்விட்டார். ஆங்கிலத்தில் ஒரு சின்ன வசனம். காலை முதல் பாடமாக்கியது. மதியக்கா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் இன்னும் வரவில்லை என்றேன்.

மனேஜர் செருமினார். வெள்ளைக்காரர், பரவாயில்லை, வரும்வரை காத்திருக்கிறோம் என்றார். சொன்னபடி காத்திருக்கவும் தொடங்கினார்கள். அந்தப் பக்கம் கோப்பை வைக்கும் சத்தம், யாரோ இருமும் சத்தம். இந்தப் பக்கம் றிசானா வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு.

"என்னவாம்?" என்றார் மதியக்கா, மெதுவாக.

"அவர் வருமட்டும் பாத்துக்கொண்டிருக்கினமாம், அக்கா."

தொலைபேசியைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். பிறகு எழும்பிக் கதிரையை என் பக்கம் தள்ளினார்.

"பாவம், அவையளைக் காக்க வைச்சு மினக்கெடுத்தாதேங்கோ. உங்கட பேரைச் சொல்லுங்கோ."

சொன்னேன்.