ஹமிதுவுக்கு உன் குரல் வேண்டும்

போபோ-ஜூலாசோ,
பிப்ரவரி 9

அன்புள்ள ஜெனெபாவுக்கு,

கரிஜா எழுதுகிறேன். நாங்கள் எல்லோரும் சுகமாக இருக்கிறோம். அந்தக் குளிரில் உன்னையும் இறைவன் சுகமாக வைத்திருக்கட்டும். உன் பழைய எண்ணுக்கு அடித்து அடித்து ஓய்ந்துவிட்டேன். உன் அம்மாவுக்கு வந்த பார்சலின் மேலிருந்த விலாசத்துக்குத்தான் இதை அனுப்புகிறேன். இதற்கு முன் இரண்டு கடிதம் எழுதிக் கிழித்தேன். ஒன்றில் வெறும் திட்டு, மற்றதில் வெறும் அழுகை.

உன் அம்மாவுக்கு முழங்கால் வலி விடவில்லை. ஆனாலும் தினமும் பால் விற்கப் போகிறார். நீ அனுப்பிய துணியைத் தைத்து உடுத்தித் தெரு முழுக்கக் காட்டினார். உன்னைப் பற்றி யாராவது முணுமுணுத்தால், “எம் பொண்ணு திருடிட்டா போனா?” என்று சண்டைக்கு நிற்கிறார்.

நாம் இருவரும் தொடங்கிய இசைக் கூடத்தில் இப்போது முப்பத்து நான்கு பிள்ளைகள். பலஃபோனின் மரக்கட்டைகளைத் தட்டும் வரிசைக்குப் பின்தூதான் தலைவி. “பொம்பளப் புள்ள அடிச்சா கட்டை வெடிச்சிரும்” என்று சிரித்தார்களே, அதே ஆட்கள் இன்று கல்யாணத்துக்கு அவளைத் தேடி வருகிறார்கள். போன மாதம் அவளை மணம் பேச வந்தவனிடம் அவளே, “மொதல்ல பள்ளிக்கூடம் முடியட்டும், அப்புறம் வாங்க” என்று சொல்லி அனுப்பிவிட்டாள். அவள் அப்பாவும் அதற்கே தலையாட்டினார்.

இனி எழுத வேண்டியதை எழுதுகிறேன்.

நீ திரும்பாமல் தங்கிவிட்ட அந்த இசை விழாவுக்கு இந்த வருடமும் வரச் சொல்லி, போன வருடக் கடைசியிலேயே அழைப்பு வந்தது. ஒன்பது பேருக்கு விசா கேட்டோம். ஒன்பது பேருக்கும் இல்லை என்றார்கள். தூதரகத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர், “போன தடவ பதினோரு பேர் போனீங்க, பத்துப் பேர்தானே திரும்புனீங்க?” என்று கேட்டார். எல்லோரையும் திரும்ப அழைத்து வருவேன் என்று கையெழுத்துப் போட்டவள் நான். தலையைக் குனிந்துகொண்டேன்.

தலைநகரிலிருந்து திரும்பும் வண்டியில் ஏறினோம். பாதி வழியில் மேளம் அடிக்கும் சூமாயிலா, “எல்லாம் அந்த மாட்டுக்காரியாலதான்” என்றான். போபோக்காரர்கள் நாங்கள் ஃபுலானி மக்களைக் கேலி செய்யும் சொல்தான் அது. நானே உன்னை எத்தனை முறை அப்படிக் கூப்பிட்டுச் சிரித்திருக்கிறேன். அன்று அதில் சிரிப்பு இல்லை. பின் இருக்கையில் உன் தம்பி ஹமிது, புல்லாங்குழலை மடியில் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

நான்காம் நாள் அவன் ஊரில் இல்லை. ஹூந்தே ஊரைத் தாண்டித் தங்கம் தோண்டும் குழிகளுக்குப் போய்விட்டான்.

நானும் பின்தூவும் பலஃபோனை வேனின் கூரையில் கட்டிக்கொண்டு போனோம். கிணறு கிணறாகக் குழிகள், நீலப் பிளாஸ்டிக் கூடாரங்கள், வாயைத் திறந்தால் புழுதி. மேலே வர முடியாது என்று கீழிருந்தே சொல்லி அனுப்பினான். பின்தூ குழிக்கு அருகிலேயே பலஃபோனை இறக்கி நம் அறுவடைப் பாட்டைத் தொடங்கினாள். குழல் சேர வேண்டிய இடம் வந்ததும் நிறுத்தினாள். மறுபடி முதலிலிருந்து. மறுபடி நிறுத்தினாள். நான்காவது தடவை கயிறு ஆடியது. தலை முதல் கால் வரை செம்மண்ணாக உன் தம்பி ஏறி வந்தான்.

“தப்புத் தப்பா அடிக்கிறா, காது கொடுத்துக் கேக்க முடியல” என்றான்.

“குழிக்குள்ள எலி மாதிரி கெடந்தா எல்லாம் தப்பாத்தான்டா கேக்கும்” என்றாள் பின்தூ. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அதற்குள் நான் அவசரப்பட்டு, வீட்டுக்கு வா என்று சொல்லிவிட்டேன்.

அவன் முகம் மாறியது. “இந்தக் குழலை ஊதி எனக்கு என்ன கெடச்சுது கரிஜாக்கா? எங்கக்கா ஒருத்திதான் வெவரமானவ. மழைக்கு முன்னாடி நானும் கெளம்பிருவேன். பாலைவனத்தத் தாண்டிட்டா கடல். கடலத் தாண்டிட்டா அவ” என்று கைப்பேசியைக் காட்டினான். கண்ணாடிக் கட்டடத்தின் முன் நீ சிரித்துக்கொண்டு நிற்கும் படம்.

நானும் பின்தூவும் பலஃபோனை மறுபடி வேனின் கூரையில் ஏற்றிக் கட்டினோம்.

இப்போது வெள்ளிக்கிழமைதோறும் அங்கே போகிறோம். மண் அலசும் பெண்களின் பிள்ளைகள்தான் முதலில் வந்து உட்கார்ந்தார்கள். பிறகு குழியில் இறங்கும் இளவட்டங்களும் வந்தார்கள். பதினெட்டுப் பேர் கற்கிறார்கள். இருவர் குழியை விட்டு நம் கூடத்துக்கே வந்துவிட்டார்கள். ஹமிதுவும் வருகிறான். தள்ளி உட்கார்ந்து, “மூச்ச அடக்கி ஊது, அடுப்பா ஊதுற?” என்று அதட்டுகிறான். குழலை நீட்டினால் மட்டும் கை நீட்ட மாட்டேன் என்கிறான். ஆட்களை வடக்கே கூட்டிப்போகிறவன் மார்ச் நடுவில் வருகிறானாம். பெயர் கொடுத்துவிட்டதாக நேற்று சொன்னான். அதிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. கூடத்தைப் பெருக்கியதையே மறுபடி பெருக்குகிறேன்.

ஒன்றைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. விழா முடிந்து ஊர் திரும்ப வேண்டிய அன்று விடியற்காலை நான் தூங்கவில்லை, ஜெனெபா. நீ பையை எடுத்ததையும், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டதையும், கதவருகில் கொஞ்ச நேரம் நின்றதையும் போர்வைக்குள்ளிருந்து பார்த்தேன். தூங்கிவிட்டேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். உன்னைத் தடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. கூடவே எழுந்து வந்துவிடலாமா என்றுதான் தோன்றியது. அதனால்தான் உன் தம்பிக்குப் புத்தி சொல்ல எனக்கு வாய் எழவில்லை.

நீ ஒரு அறையில் ஆறு பேரோடு படுக்கிறாய், வெளிச்சம் வருவதற்கு முன் யாருடைய அலுவலகத்தையோ துடைக்கப் போகிறாய் என்று அங்கிருந்து வந்த ஒருவர் சொன்னார். மெய்யா பொய்யா தெரியாது. நன்றாக இருந்தால் நன்றாக இருக்கிறேன் என்று அவனிடம் சொல். இல்லையென்றால் அதையும் மறைக்காமல் சொல். நீ விமானத்தில் போனாய், அவன் அப்படிப் போகப் போவதில்லை என்பதையாவது சொல். என் பேச்சுக்கு அவன் காது கொடுக்க மாட்டான். அவன் எண்ணைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். மாலைத் தொழுகைக்குப் பிறகுதான் மேலே வருவான், அப்போது அடி.

உன்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அன்று நீ கதவைச் சாத்தியபோது, இவள் கால் எங்கும் தடுக்காமல் இருக்கட்டும் என்றுதான் வேண்டினேன். இப்போதும் அதையே வேண்டுகிறேன், உங்கள் இருவருக்கும்.

உன் கரிஜா