சென்டர் ஹாஃபின் முழங்கால்

என் சரோஜாவின் அப்பாவுக்கு,

நீங்கள் இருக்கும் இடத்தில் தபால் பட்டுவாடா உண்டோ இல்லையோ, நான் எழுதிவிடுகிறேன். உங்களிடம் மட்டும் சொல்ல வேண்டிய விஷயமாக இருந்தால், விளக்கேற்றும்போது படத்துக்கு முன்னால் நின்று சொல்லிவிட்டு என் வேலையைப் பார்த்திருப்பேன். இது நாலு பேர் காதிலும் விழ வேண்டிய சங்கதி. அதனால் பத்திரிகைக்காரரிடம் போய் இடம் கேட்டேன். அவரும் உங்கள் ஆட்டம் பார்த்தவராம், உடனே சரி என்றார்.

முதலில் வீட்டுச் செய்தி. குவார்ட்டர்ஸைக் காலி செய்து கொடுத்துவிட்டோம். பிரிக்பீல்ட்ஸிலேயே ஒரு கடைவீட்டு மாடியில் பின்னறை கிடைத்தது. ரயில் சத்தம் இங்கேயும் கேட்கிறது, தூக்கம் வருகிறது. தமிழ்ப் பள்ளியில் சின்ன வகுப்புக்கு என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். பிள்ளைகள் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. உங்களோடு குடும்பம் நடத்தியவளுக்கு அது ஒன்றும் புதிதில்லை. சரோஜா உங்களைப் போலவே நெட்டையாக வளர்கிறாள், பாவாடையை வருஷத்துக்கு இரண்டு தரம் இறக்கித் தைக்க வேண்டியிருக்கிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ரயில் பட்டறை அணிச் செயலாளர் போன மாதம் வீட்டுக்கு வந்தார். உங்கள் பெயரில் ஒரு கோப்பை செய்யப் போகிறார்களாம். நீங்கள் முதலில் ஆடிய கிள்ளான் அணியும் கடைசியாக ஆடிய பட்டறை அணியும் வருஷா வருஷம் அதற்காக மோதுமாம். கோப்பையில் உங்கள் பெயருக்குக் கீழே, "ஓடாமலே ஆட்டத்தை ஆண்டவர்" என்று பொறிப்பதாகச் சொன்னார். என் சம்மதம் வேண்டும் என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். மனிதர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

உங்கள் கதையைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன், நீங்கள் குறுக்கே பேசாமல் இருங்கள்.

காப்பார் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர் நீங்கள். மரத்தில் காய்ந்து தொங்கும் ஒட்டுப்பாலை இழுத்துச் சுற்றிச் சுற்றிப் பந்து செய்து உதைத்தீர்களாம். அது உருண்டையாகவும் இருக்காது, குதிக்கிற திசையும் தெரியாது. அதனால் பந்து எங்கே வரும் என்று முன்கூட்டியே யோசிக்கப் பழகியதாகச் சொல்வீர்கள். கிள்ளானில் ஒரு சரக்குக் கிட்டங்கி அணி உங்களைக் கூப்பிட்டது. வேலை தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை, கால் பார்த்து வேலை கொடுத்த காலம் அது. அங்கே உங்கள் ஆட்டத்தைப் பார்த்த வெள்ளைக்காரப் பட்டறைத் தொரை இங்கே இழுத்துக்கொண்டார். வேலையும் குவார்ட்டர்ஸும் வந்தன, அதற்குப் பிறகுதான் நான் வந்தேன். எங்கள் அப்பா மாப்பிள்ளை பார்க்க வந்தவர், சம்பளத்தைக்கூடக் கேட்கவில்லை. தண்ணீர்க் குழாய் வீட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்றுதான் கேட்டார்.

மைதானத்தின் நடுவில் நீங்கள் ஆடிய அந்த சென்டர் ஹாஃப் என்றால் என்ன என்று எனக்கு ஒரு எழவும் புரியவில்லை. நீங்கள் சேறும் சகதியுமாக வீட்டுக்கு வரும்போதெல்லாம், "கோல் போட்டீங்களா?" என்று கேட்பேன். "இல்ல" என்பீர்கள். துவைக்கிறவள் நான், கேட்க மாட்டேனா?

ஒரு நாள் பொறுக்காமல் விளக்கம் சொன்னீர்கள். "பந்தியில பரிமாறுறவன் நான், மீனாட்சி. சாப்பிடுறவன் முன்னால இருக்கான்."

"பரிமாறுறவருக்கும் கடைசியில ஒரு எலை போடுவாங்கல்ல?" என்றேன்.

துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டீர்கள். இப்போதும் சொல்கிறேன், ஒரு கோலாவது போட்டிருக்கலாம்.

பிறகு ரப்பர் விலை விழுந்தது. தோட்டத்தில் தொடங்கிய ஆள்குறைப்பு நம் குவார்ட்டர்ஸ் வரைக்கும் வந்துவிட்டது. எதிர்வீட்டில் சமையல் வாசனை நின்றது, அடுத்த வாரம் அவர்கள் பெட்டி படுக்கையோடு கப்பலுக்குப் போனார்கள். இங்கேயே பிறந்த பிள்ளைகளையும் சேர்த்துக் கடல் தாண்டி ஊருக்கு அனுப்பினார்கள். எந்த ஊர் என்று அந்தப் பிள்ளைகளுக்கே தெரியாது. பந்தாட்டக்காரர்களைத் தொரை தொடவில்லை. ஆடும் வரைக்கும் வேலை, இது எழுத்தில் இல்லை, ஆனால் எல்லாருக்கும் தெரியும்.

அந்த நேரம் பார்த்துத்தான் உங்கள் வலது முழங்கால் போயிற்று.

கிள்ளானில் ஆடிவிட்டு வந்தீர்கள். ஸ்டேஷனிலிருந்து வீடு வரைக்கும் நிமிர்ந்து நடந்து வந்தவர், கதவைச் சாத்தியதும் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டீர்கள். முட்டி மாம்பழம் மாதிரி வீங்கியிருந்தது. யாரிடமும் சொல்லக் கூடாது என்று என் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் வாங்கினீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போனால் செய்தி பட்டறைக்குப் போகும், பட்டறைக்குப் போனால் நாம் கப்பலுக்குப் போவோம். சரோஜா அப்போது தவழ்ந்துகொண்டிருந்தாள்.

எனக்குத் தெரிந்த வைத்தியம் நம் வீடுகளில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். மஞ்சளையும் சுண்ணாம்பையும் குழைத்து, கரண்டியில் சூடு காட்டிப் பற்றுப் போட்டேன். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் ரத்தச் சிவப்பாகிவிடும். அதன்மேல் பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டுவேன். ஆட்டத்துக்குப் போகும் முன்னால் கழுவித் துடைத்துவிடுவேன். முட்டியை மூடும் ஆட்டக் காற்சட்டை மிச்சக் கறையை மறைத்துக்கொள்ளும்.

ஒரு நாள் மட்டும் கழுவ விடவில்லை. "இருக்கட்டும். அது இருந்தா ஒரு தைரியமா இருக்கு" என்றீர்கள். வானம் வெளுத்துக் கிடந்தது, நானும் விட்டுவிட்டேன்.

அன்றைக்கும் கிள்ளானில்தான் ஆட்டம், பாதியில் மழை பிடித்துக்கொண்டது. பற்றுக் கரைந்து கட்டை நனைத்து, வெள்ளைக் காலுறை முழுக்கச் சிவப்பாக வழிந்ததாம். ஓரத்தில் நின்ற தொரை பதறிப்போய் ஆட்டத்தை நிறுத்தச் சொல்லி, தன் கைக்குட்டையையே நீட்டினாராம். டாக்டரிடம் போகச் சொன்னார். போனால் இல்லாத காயத்துக்கு எங்கே போவது? ஒன்றும் இல்லை, ஆடுகிறேன் என்று நின்றீர்கள். ரத்தம் கொட்டக் கொட்ட ஆடுகிறவன் என்று தொரை கிளப்பில் எல்லாரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டாராம். அன்றைக்கு வீட்டுக்கு வந்து நீங்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, மாதக்கணக்காக அந்தச் சத்தத்தை நான் கேட்டதில்லை.

"நம்ம ஆளுங்க?" என்று கேட்டேன்.

"அவங்களும் நம்பிட்டாங்க. ஒருத்தனும் வாயத் தொறக்கல."

எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. ஆனால் நம்பினால்தான் தூங்க முடியும் என்ற நிலைமை, நானும் நம்பினேன்.

அதற்குப் பிறகுதான் உங்கள் பெயர் ஓங்கியது. நீங்கள் ஓடுவதை விட்டுவிட்டீர்கள். நடுவில் நின்றீர்கள், நடந்தீர்கள், பந்து உங்கள் காலடிக்கே வந்தது. வாங்கி ஒரு தட்டுத் தட்டிவிட்டால் முன்னால் இருப்பவன் கோல் போட்டான். கிள்ளானிலிருந்து ரயிலேறி வந்து பார்த்தார்கள். பாசாரில் மீன் விற்கிறவர்கூட, "ஒங்க வூட்டுக்காரரு பந்துக்கு வசியம் வெச்சிருக்காரு" என்று ஒரு துண்டு கூடப் போட்டார். பாடாங் மைதானத்தில் சின்னப் பயல்கள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு உங்களைப் போலவே சாய்ந்து நிற்கப் பழகினார்கள். எதற்காக அந்தச் சாய்மானம் என்று எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும் என்று இருந்தேன்.

மாநில அணிக்குக் கூப்பிட்டார்கள். ஒரே ஒரு ஆட்டம். திரும்பி வந்து சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தீர்கள், சாப்பிடவில்லை. "அங்க பந்து என்கிட்ட வரவே இல்ல, மீனாட்சி. ஏன்னு புரியல" என்றீர்கள். எனக்கும் புரியவில்லை. மறுபடி அவர்கள் கூப்பிடவில்லை. பட்டறை அணிக்குத் திரும்பியதும் பந்து பழையபடி உங்களிடமே வந்தது. கடைசியில் காய்ச்சல் வந்து சில நாளிலேயே நீங்கள் போகும் வரைக்கும் அந்த இடம் உங்களுடையதாகவே இருந்தது. வேலையும் போகவில்லை, நாமும் கப்பல் ஏறவில்லை.

இப்போது உங்களுக்குத் தெரியாததைச் சொல்லப் போகிறேன்.

உங்கள் முதல் திவசத்துக்கு அணிக்காரர்கள் எல்லாரும் வந்தார்கள். உங்களுக்கு இடது பக்கத்தில் ஆடிய லெஃப்ட் ஹாஃப், ஆரோக்கியம் அண்ணன், கடைசிப் பந்தியில் உட்கார வந்தார். தரையில் உட்கார முடியவில்லை. சுவரைப் பிடித்து ஒரு காலை நீட்டிக்கொண்டு மெல்ல இறங்கினார். எனக்கு உங்களைப் பார்த்த மாதிரியே இருந்தது. ரசம் ஊற்றும்போது, "மஞ்சளும் சுண்ணாம்பும் போட்டுப் பாருங்கண்ணே" என்று சொல்லிவிட்டேன்.

அவர் சிரித்தார். "அது மழையில கரையும், தங்கச்சி."

கரண்டியை ரச வாளியிலேயே போட்டுவிட்டேன். "ஒங்களுக்குத் தெரியுமா?" என்றேன்.

"தொரைக்குத்தான் அது ரத்தம். எங்க வீட்லயும் மஞ்சள் இருக்கு."

"அணியில எல்லாருக்குமா?"

"எல்லாருக்குந்தான். அந்த மழை ஆட்டம் முடிஞ்சு திரும்புறப்ப ரயில்ல அவன் தூங்கிட்டான். நாங்க பேசிக்கிட்டோம். பந்த அவன் காலுக்கே குடுக்கிறது, ஓடி வாங்க விடக் கூடாது. எடது பக்கம் அவன் ஓட வேண்டியத நான் ஓடுறேன்னு சொன்னேன். வலது பக்கம் ஓடுறதுக்கும் ஆள் இருந்துச்சு. அவனுக்குத் தெரிய வேணாம், ரோசக்காரன், தெரிஞ்சா ஆட மாட்டேன்னு நின்னுடுவான்னு விட்டுட்டோம்."

"ஏண்ணே செஞ்சீங்க?"

அவர் இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எங்க அண்ணன் குடும்பத்த அந்த மாசந்தான் கப்பல்ல ஏத்தினாங்க. கையசைச்சுட்டு வந்தேன். இன்னொரு தடவ துறைமுகத்துக்குப் போக மனசு வரல. அவ்வளவுதான் லா. ரசம் ஊத்துங்க."

ரசத்தை ஊற்றினேன். பிறகுதான் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினேன். மாநில அணிக்கு அவரையும் பார்க்க வந்திருக்கிறார்கள். காலில் நல்ல வேகம் இருக்கிறது, ஆனால் தன் இடத்தில் நிற்கத் தெரியாதவன், நடுவிலேயே மேய்கிறான் என்று சொல்லிக் கழித்துவிட்டார்களாம். நடுவில் அவர் யாருடைய இடத்தில் மேய்ந்தார்? இரண்டு பேர் ஓட்டத்தை ஓடியே அவர் முட்டியும் போயிற்று. இதையெல்லாம் அவர் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, அடுத்த வீட்டுக்காரர் கதை மாதிரி சொன்னார்.

உங்கள்மேல் எனக்குக் கோபம் வந்தது. நீங்கள் ஒரு தப்பும் செய்யவில்லை, இருந்தும் வந்தது. பக்கத்தில் ஒரு மனிதர் நாக்குத் தள்ள ஓடுவதை நீங்கள் பார்க்கவே இல்லையா? பார்த்தும் கேட்கப் பயந்தீர்களா? மாநில ஆட்டம் முடிந்து வந்த அந்த ராத்திரி உங்களுக்குள் ஒரு சந்தேகமாவது தட்டியிருக்குமே? சொல்லாமலே போய்விட்டீர்கள். பிறகு கோபம் போய் அழுகை வந்தது. நம் இரண்டு பேருடைய ரகசியம் என்று நாம் பொத்திப் பொத்தி வைத்திருந்ததை, அத்தனை பேர் நமக்காகப் பொத்தி வைத்திருக்கிறார்கள். அடுத்த வேளை சோற்றுக்கு என்ன என்று தெரியாத காலத்தில், யாரோ ஒருவர் நமக்காக ஓடிக்கொண்டிருந்திருக்கிறார்.

செயலாளரிடம் போய், கோப்பையில் ஆரோக்கியம் அண்ணன் பெயரும் இருக்க வேண்டும் என்றேன். "அவரா? சாதாரண ஆட்டக்காரராச்சேம்மா" என்றார். செயலாளர் அணிக்குப் புதியவர், அவரைக் குற்றம் சொல்லி என்ன செய்ய. தொரையும் சீமைக்குப் போய்விட்டார், இனி இதைச் சொன்னால் யாருக்கும் வேலை போகாது. ஆரோக்கியம் அண்ணன் மட்டும் வேண்டாம் என்கிறார். "அவன் பேரு அவனுக்கு இருக்கட்டும், தங்கச்சி" என்கிறார்.

இருக்கக் கூடாது. உள்ளங்கையில் அடித்துக் கொடுத்த சத்தியத்தை இதோ ஊரறிய உடைத்துவிட்டேன். ஓடாமலே ஆண்டவர் என்ற பெருமையில் பாதி போய்விட்டது. போகட்டும். கெட்ட முழங்காலோடு, ஒரு முனகல் இல்லாமல், பெண்டாட்டி பிள்ளையைக் காப்பாற்ற நடுவில் நின்றவர் என்ற பெருமை மிச்சம் இருக்கிறது. எனக்கு அது போதும். ரோசக்காரரான உங்களுக்குப் போதுமா என்று தெரியவில்லை. அங்கே நான் வரும்போது சண்டை போட்டுக்கொள்ளலாம்.

ஆரோக்கியம் அண்ணன் பெயர் இல்லாத கோப்பையில் உங்கள் பெயரையும் ஏறவிட மாட்டேன். இது நான் உங்களுக்குக் கொடுக்கும் வாக்கு, இதை உடைக்க மாட்டேன். எந்த வரிசையில் பொறிப்பது என்று எழுதிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார் செயலாளர், எப்படியும் நான் விடமாட்டேன் என்று அவருக்கும் புரிந்துவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து உங்கள் பெயரை நான் வாயால் சொன்னதில்லை, காகிதத்தில் எழுதியதும் இல்லை. இன்றைக்கு எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆரோக்கியசாமி. முத்தையா. இதே வரிசையில்.

உங்கள் மனைவி,
சரோஜாவின் அம்மா,
மீனாட்சி
பிரிக்பீல்ட்ஸ்