உங்கள் காலுக்கு ஒரு சப்பாத்து

இன்று காலை மருமகனோடு சண்டை பிடித்துவிட்டேன், மச்சான். நுரைச்சோலையில் வேலை முடிந்து வந்தவர், நேற்றைய மழையில் ஊறிப்போன தோல் சப்பாத்தை வெயில் கொளுத்துகிற மதிலின் மேல் கவிழ்த்து வைத்திருந்தார். "தோல இப்பிடி வெயில்ல போட்டா அப்பளம் மாதிரி வெடிச்சுப் போகும், தெரியாதா மருமகன்?" என்று கேட்டேன். பாவம், "ஓம் மாமி, ஓம் மாமி" என்று தலையாட்டினார். அதற்குமேல் அவரோடு என்ன கதை? நானே எடுத்து நாடாவைக் கழற்றி, நாக்கை வெளியே இழுத்துவிட்டு, பழைய பத்திரிகையைக் கசக்கி உள்ளே திணித்து நிழலில் வைத்தேன்.

வைத்துவிட்டுத் திரும்பும்போது கையில் அந்த வாசம். நனைந்த தோலும் உப்பும் கலந்த வாசம். மகள் வந்து, "என்ன உம்மா, ஏன் நிக்கிறீங்க?" என்று கேட்டாள். "வாப்பாட வாசம் புள்ள" என்றேன். அவளும் என் கையைப் பிடித்து மோந்து பார்த்தாள். அதுதான் உங்களோடு கதைக்க உட்கார்ந்துவிட்டேன்.

யுத்தம் முடிந்து பாதைகள் திறந்த காலம் அது. உப்பளத்திலிருந்து வந்து, கிணற்றடியில் கால் கழுவாமலே வீட்டுக்குள் நடந்தீர்கள். சீமெந்துத் தரையில் வாசலிலிருந்து கதிரை வரைக்கும் சிவப்புச் சிவப்பாக அடி விழுந்திருந்தது. நான் பதறிப்போய் நிற்க, நீங்கள் தரையைப் பார்த்துவிட்டு என்னிடமே கேட்டீர்கள்: "யாருக்குப் புள்ள கால் வெட்டின?"

உங்கள் கால்தான். உள்ளங்காலில் ஒரு கண்ணாடித் துண்டு நின்றது. உப்புப் பாத்தியில் எந்த நேரம் ஏறியதோ, நாள் முழுக்க அதோடு நடந்திருக்கிறீர்கள். உப்புத் தண்ணீரில் வெட்டுக்காயம் என்றால் மற்றவன் துள்ளிக் குதிப்பான். உங்களுக்கு எறும்பு கடித்த அளவுக்கும் தெரியவில்லை. சீனி வருத்தம் காலின் உணர்ச்சியைத் தின்றுவிட்டது என்று கிளினிக்கில் சொன்னார்கள். "இனி ஒரு புண் வந்தா விரல எடுக்க வேண்டி வரும். அதோட நிக்கும் எண்டு சொல்லேலாது. வெறுங்காலோட ஒரு அடியும் வைக்கக் கூடாது" என்று டொக்டர் சொன்னபோது நீங்கள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் உங்கள் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று எனக்கு வந்த பயம் சின்னப் பயம் இல்லை, மச்சான்.

ஆனால் சப்பாத்து என்றதும் நீங்கள் மாடு மாதிரிக் காலை ஊன்றிக்கொண்டீர்கள். "உப்பளத்துல எவன் பூட்ஸ் போடுறான்? சிரிப்பானுகள்" என்றீர்கள். அது மேலுக்குச் சொன்ன காரணம். இரண்டு நாள் கழித்துத்தான் உள்ளே இருந்தது வந்தது. "பூட்ஸ் போட்டவனக் கண்டா ஒதுங்கி நிக்கப் பழகின ஆள் நான். இப்ப நானே போட்டுக்கொண்டு நடக்கவா?" யுத்தத்தில் துரத்தப்பட்டு மன்னாரை விட்டு வந்த நாளிலிருந்து எத்தனை சோதனைச் சாவடியில் இறங்கி நின்றிருப்பீர்கள். 

ஏசாமல் பேரம் பேசினேன். மன்னாரில் முசலிப் பக்கத்து உங்கள் வாப்பாவின் காணி காடு பிடித்துக் கிடக்கிறது, போய்த் துப்புரவாக்க வேண்டும் என்று நீங்கள் துடித்துக்கொண்டிருந்த நேரம். "சப்பாத்தோட எண்டா காணிக்குப் போங்க. இல்லாட்டி நான் பஸ்ஸுக்கு முன்னால படுத்துக்குவன்" என்றேன். "நீ படுத்தா பஸ் எப்பிடிப் போறது, பாத வேணுமே" என்று என் உடம்பைப் பார்த்துச் சிரித்தீர்கள். சிரித்த மனிதர் சம்மதித்துவிட்டார் என்று எனக்குத் தெரியும்.

தலவிலத் தேவாலயத் திருநாளுக்குப் போட்டிருந்த கடை வரிசையில் வாங்கினோம். வேண்டுமென்றே பின்னேரமாகப் பார்த்துக் கூட்டிப்போனேன். நாள் முழுக்க நின்று கால் வீங்கியிருக்கும்போது அளந்தால்தான் சரிவரும் என்று கிளினிக் தாதி மிஸ்ஸி சொல்லியிருந்தார். வீட்டிலேயே உங்களை மட்டையின் மேல் நிற்கவைத்து இரண்டு காலையும் பென்சிலால் சுற்றி வரைந்து வெட்டி என் பையில் வைத்திருந்தேன். கடைக்காரர் சிலாபத்து ஆள். நல்ல மினுமினுப்பான சோடியைத்தான் முதலில் எடுத்து நீட்டினார். நான் மட்டையை உள்ளே விட்டேன். ஓரம் மடங்கிக்கொண்டு வந்தது. "காலும் இப்பிடித்தான் மடங்கும்" என்று திருப்பிக் கொடுத்தேன்.

றபர் பூட்ஸை நீங்கள் காட்டினீர்கள். தண்ணீர் போகாது, உண்மைதான். கால் உள்ளுக்குள்ளேயே அவிந்து போகுமே. முன்பக்கம் இரும்பு வைத்த சோடி ஒன்று இருந்தது. அதன் விளிம்பு உங்கள் விரலை அறுத்தாலும் உங்களுக்குத் தெரியாது. கடைசியில் மூலையில் கிடந்தது ஒன்று. மண்ணிறம், பளபளப்பே இல்லை. கணுக்காலை மூடும் உயரம், தடித்த தோல், அடியைப் பசையால் ஒட்டாமல் நூலால் தைத்திருந்தார்கள். வளைத்துப் பார்த்தேன், விரல் மடங்கும் இடத்தில் வளைந்தது, நடுவில் வளையவில்லை. மட்டை மடங்காமல் உள்ளே போய் உட்கார்ந்தது. முன்னால் ஒரு பெருவிரல் அகலம் இடமும் இருந்தது.

"ஐயாட கால்ல போட்டுப் பாருங்களே அக்கா, கடிக்குதா எண்டு அவரே சொல்லுவார்தானே" என்றார் கடைக்காரர்.

"அவருக்குக் கடிக்கிறது தெரியாது" என்று சொல்லிவிட்டு என் கையை உள்ளே விட்டேன். மணிக்கட்டுக்கு மேலேயும் விட்டு, ஒவ்வொரு தையலாகத் தடவினேன். வலது சப்பாத்தின் குதிப்பக்கம் ஒரு நூல் முடிச்சு இருந்தது. அதைக் கடைக்காரரைக் கொண்டே தட்டிச் சமப்படுத்தி வாங்கினேன். நீங்கள் வெட்கப்பட்டுக் கோயில் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். வரும் வழியில் மட்டும் சொன்னீர்கள்: "என்ட காலுக்கு இப்ப உன்ட கைதான் கண்."

தோல் தண்ணீர் குடிக்காமல் இருக்க வேண்டுமே. வணாத்தவில்லுப் பக்கமிருந்து தேன் கொண்டுவருகிற மனிதரிடம் மெழுகு கேட்டு வாங்கினேன். தேங்காயெண்ணெயோடு அதைப் பழைய தாச்சியில் இளக்கி, ஆறி வெண்ணெய்ப் பதத்துக்கு வந்ததும், உங்கள் கிழிந்த பெனியன் துணியால் தேய்த்தேன். சப்பாத்தைச் சும்மா கொஞ்சம் சூடு காட்டிக்கொண்டால் தோல் நன்றாக உறிஞ்சும். தையல் ஓடுகிற இடத்திலும் நாக்கு ஒட்டுகிற இடத்திலும் துணி போதாது, விரலால்தான் அழுத்த வேண்டும். மிச்சத்தை மறுநாள் துடைத்தெடுத்தேன். நிறம் கறுத்துப்போயிற்று. "மாப்பிள்ளச் சப்பாத்த மையத்துச் சப்பாத்தாக்கிட்டாய்" என்றீர்கள். பிணத்துக்குத்தான் அந்த நிறம் பொருந்துமாம். அந்தத் தாச்சியில் பொரித்த மீன் எல்லாம் பிறகு ஒரு மாதத்துக்கு மெழுகு நாறியது. அதையும் குறை சொல்லாமல் தின்றீர்கள்.

முதலில் வீட்டுக்குள் அரைமணி நேரம், பிறகு கடைக்குப் போய்வரும் தூரம் என்று பழக்கினேன். மேஸ் என்கிற காலுறையின் தையல் விரலில் உரசாதபடி உள்பக்கத்தை வெளியே திருப்பிப் போடவைத்தேன். காலையில் நீங்கள் போடுமுன் என் கை உள்ளே போய்வரும். "என்ன, பொந்துல கிளி பிடிக்கிறியா?" என்று தினமும் ஒரே பகிடி. உப்பளத்தில் இரண்டு கிழமை சிரித்தார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். நான் கொஞ்சம் நிம்மதியாக மூச்சு விட்டேன்.

அங்கேதான் மோசம் போனோம். ஒரு பின்னேரம் மேஸைக் கழற்றினால் உங்கள் விரல்கள் வெளுத்து, தோல் ஊறிப்போய், இடுக்கில் பிளந்திருந்தது. நாற்றமும் அடித்தது. சப்பாத்தின் வெளிப்பக்கம் காய்ந்து கிடக்கிறது, மேஸைப் பிழிந்தால் தண்ணீர். எங்கிருந்து வந்தது என்று புரியாமல் விழித்தேன். நீங்களாகவே சொன்னீர்கள். நடுப்பகல் லுஹருக்கும் பின்னேர அஸருக்கும் உப்பளத்து வாடிக் கொட்டிலில் ஒளுச் செய்து, கை முகத்தோடு காலையும் கழுவி, தொழுதுவிட்டு, வேலை அவசரத்தில் ஈரக்காலையே சப்பாத்துக்குள் விட்டிருக்கிறீர்கள். நான் பூசிய மெழுகு வெளித்தண்ணீரை உள்ளே விடவில்லை. உள்ளே போன தண்ணீரை வெளியே விடவும் இல்லை.

நான் அழுதேன். அழுதுகொண்டே ஏசினேன். "இவ்வளவு பாடுபட்டு, கடைசில ஒளுத் தண்ணியிலயா கால் போகணும்?"

"தொழுகைய விடச் சொல்றியா புள்ள?" என்று கேட்டீர்கள். கோபமாக இல்லை. உண்மையாகவே வழி தெரியாமல் கேட்டீர்கள்.

"கால விடாதீங்க எண்டுதான் சொல்றன்."

அந்தப் புண் ஆற நாட்கள் எடுத்தது. பள்ளிவாசல் மௌலவி உங்களைப் பார்க்க வந்தபோது நானே திரைக்குப் பின்னால் நின்று வழி கேட்டேன். அவர் சப்பாத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "காலையில வீட்டில முழுசா ஒளுச் செய்ங்க. கால நல்லாக் காயவச்சு இதப் போடுங்க. பிறகு லுஹருக்கும் அஸருக்கும் கால் கழுவத் தேவல்ல. ஈரக் கையால சப்பாத்துக்கு மேல தடவி, கழற்றாமத் தொழுங்க. மார்க்கத்துல இடம் இரிக்கி" என்றார். பிறகு ஒரு நிபந்தனையும் வைத்தார். "கணுக்கால் மூடியிரிக்கணும், அது சரி. தண்ணி உள்ளுக்கு ஊறவும் கூடாது. ஊறுதா?"

பார்த்துச் சொல்கிறோம் என்றோம். அவர் போன கையோடு முற்றத்தில் பேசினில் தண்ணீர் நிரப்பி, உள்ளே காய்ந்த பத்திரிகையை வைத்து, சப்பாத்தைத் தண்ணீரில் நிறுத்தினேன். எடுத்தபோது நாக்கு ஒட்டுகிற மூலையில் தாள் நனைந்திருந்தது. தோலை நிழலில் காயவைத்து, திரும்பவும் மெழுகு இளக்கி, இந்த முறை நீங்களே உங்கள் பெருவிரலால் அந்தத் தையலை அழுத்தி அழுத்திப் பூசினீர்கள். மறுபடியும் தண்ணீரில் வைத்தோம். நீங்கள் தாளை வெளியே எடுத்து என் காதருகே பிடித்துக் கசக்கிக் காட்டினீர்கள். மொறுமொறு என்று சத்தம் வந்தது. "அல்ஹம்துலில்லாஹ்" என்று இரண்டு பேரும் ஒன்றாகச் சொன்னோம். கலியாண நாளில்கூட உங்கள் முகத்தில் நான் அப்படியொரு சந்தோசம் கண்டதில்லை.

அந்தச் சப்பாத்தோடுதான் முசலிக் காணிக்குப் போனோம். உடைமுள் ஆள் உயரத்துக்கு நின்றது, நிலம் சேறு. நான் வரம்பில் நின்றேன். நீங்கள் மட்டும் முள்ளை மிதித்து மிதித்து, பழைய வீட்டின் அத்திவாரம் வரைக்கும் போய், அங்கேயே நின்று ஈரக்கையால் சப்பாத்தைத் தடவிவிட்டுத் தொழுதீர்கள். திரும்பி வந்ததும் வரம்பிலேயே உங்களை உட்காரவைத்துச் சப்பாத்தையும் மேஸையும் கழற்றினேன். கால் காய்ந்திருந்தது, ஒரு கீறல் இல்லை.

அதன்பின் உங்களோடு எனக்கு நல்ல சில வருசங்கள் கிடைத்தன. ஒவ்வொரு பின்னேரமும் உங்கள் காலை என் மடியில் தூக்கி வைத்து விரல் விரலாகப் பார்ப்பேன். நீங்கள் தேத்தண்ணி குடித்துக்கொண்டு ஊர்க்கதை சொல்வீர்கள். கடைசியில் உங்களைக் கொண்டுபோனது கால் இல்லை, நெஞ்சு. கதிரையில் இருந்தபடியே போய்விட்டீர்கள்.

ஆண்கள் உங்களைக் குளிப்பாட்ட ஆயத்தமானபோது, காலை மட்டும் நான் கழுவலாமா என்று கேட்டனுப்பினேன். சிலருக்கு அது பிடிக்கவில்லை. மௌலவிதான், "பெஞ்சாதிக்கு உரிம இரிக்கி, வரச் சொல்லுங்க" என்றாராம். போனேன். கழுவினேன். பிறகு துணியை எடுத்து, சின்ன விரலிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு இடுக்காகத் துடைத்தேன்.

உங்கள் தம்பி மெல்லச் சொன்னார்: "மதினி, போதும். கபன் துணி உடுத்தணும்."

"கொஞ்சம் பொறுங்க தம்பி. இன்னும் காயல்ல" என்றேன். எல்லோரும் பொறுத்துக்கொண்டு நின்றார்கள்.

இரண்டு காலும் முழுசாக, ஒரு புண் இல்லாமல் உங்களை அனுப்பிவைத்தேன், மச்சான். இப்போது ஒளுச் செய்து என் காலைத் துடைக்கும்போதெல்லாம் உங்கள் காலின் கனம் என் மடியில் வந்து உட்காருகிறது. அதை இறக்கிவைக்க எனக்கு மனமில்லை.