அடிப்பிடித்த சூப்பும் நானாவின் மூக்கும்

நானா, இன்றைக்குச் சூப்பு அடிப்பிடித்துவிட்டது.

பூசணிக்காயும் மைசூர்ப் பருப்பும் போட்டு அடுப்பில் வைத்துவிட்டு, கிரிக்கெட்டில் ஒரு ஓவர் பார்த்துவிட்டு வந்து கிளறலாம் என்று டிவிக்கு முன்னால் உட்கார்ந்தேன். உட்கார்ந்தவன் உட்கார்ந்தவன்தான். புகை முன்னறைக்கு வந்த பிறகுதான் எழும்பி ஓடினேன். அடுப்பை அணைத்தேன், சட்டியை இறக்கினேன். அடுத்து நான் செய்ததைக் கேட்டால் சிரிப்பீர்கள். வாசல் கேட்டைத் திரும்பிப் பார்த்தேன். நீங்கள் மவுத்தாகிப் போய்ச் சேர்ந்து இரண்டு நோன்பு மாதம் போய்விட்டது. கருகல் மணம் வந்தால் கழுத்து இன்னும் தானாகக் கேட்டுப் பக்கம் திரும்புகிறது. என்ன செய்ய, அதற்கு யார் போய்ச் சொல்வது?

மாத்தளைக் கடைத்தெருவில் உங்கள் மிளகுக் கடைக்கு நேர் எதிரே என் தையல் கடை. மெஷினை விட்டுத் தலையைத் தூக்கினால் உங்கள் முகம்தான். அண்ணன் முறை வைத்து உங்களை நானா என்று கூப்பிடத் தொடங்கியதும் அங்கிருந்துதான். பல்லேகமவிலிருந்து மிளகு கொண்டுவருகிறவர்களும், ரத்தோட்டைக்கு மேலேயிருந்து ஏலம் கொண்டுவருகிறவர்களும் உங்கள் முன்னால் சாக்கை அவிழ்த்துவிட்டுக் கைகட்டி நிற்பார்கள். நீங்கள் ஒரு பிடி அள்ளி, இரண்டு உள்ளங்கையிலும் தேய்த்து, குவித்த கையை மூக்குக்குக் கொண்டுபோய்க் கண்ணை மூடுவீர்கள். அந்த நேரம் தெருவில் லொறி ஹோர்ன் அடித்தாலும் உங்கள் காதில் விழாது. கண்ணைத் திறந்தால் தீர்ப்பு. அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

அந்த மூக்கினால் நான் பட்ட பாடு கொஞ்சமா? காலையில் கடை திறந்ததும் தெருவைத் தாண்டி வருவீர்கள். வாடிக்கைக்காரர்கள் நிற்கிறார்களே என்றுகூடப் பார்க்காமல், "தம்பி, இண்டைக்கு ஊட்டுல கருவாடா? சட்டையில ஏறி ஈக்குதே" என்று கேட்டு என் மானத்தை வாங்குவீர்கள். ஆத்திரத்தில் ஒருநாள் உங்கள் சேர்ட்டுக்குப் பட்டன் ஓட்டையைச் சின்னதாக வெட்டிவைத்தேன். அதை மட்டும் நீங்கள் கண்டுபிடிக்கவில்லை, உங்கள் பொஞ்சாதிதான் கண்டுபிடித்தார்.

பிறகு கொரோனாக் காய்ச்சல் வந்தது. உங்களுக்கு வந்தது, எனக்கு வந்தது, தெருவில் பாதிப் பேருக்கு வந்தது. எல்லோரும் எழும்பி வந்து கடை திறந்தோம். நீங்களும் பழையபடி உட்கார்ந்தீர்கள், அள்ளினீர்கள், தேய்த்தீர்கள், கண்ணை மூடினீர்கள். ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

அந்தச் சாக்கு வரும்வரைக்கும் தெரியவில்லை. ஒரு பின்னேரம் பிளேன்டீ குடிக்க உங்கள் கடைக்கு வந்தேன். அப்போதுதான் வாங்கிய மிளகுச் சாக்கு வாசலில் இருந்தது. மண்ணெண்ணெய் டின்னுக்குப் பக்கத்தில் வைத்து ஏற்றியிருப்பார்கள் போல, இரண்டடி தள்ளி நின்ற நானே மூக்கைப் பொத்தினேன். நீங்களோ அதிலேயே ஒரு பிடி அள்ளி மோந்து, "நல்ல சாமான் தம்பி, முதல் தரம்" என்றீர்கள்.

"நானா, மண்ணெண்ணெய் நாறுதே!" என்றேன்.

உங்கள் கை அப்படியே மூக்கடியில் நின்றுவிட்டது. அந்த முகத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. எழும்பிப் போய்க் கதவுப் பலகையில் பாதியைச் சாத்திவிட்டு வந்து, எனக்குப் பக்கத்தில் மிளகுச் சாக்கின் மேலேயே உட்கார்ந்தீர்கள்.

"ஒண்டும் மணக்கிற இல்ல தம்பி. காச்சல் வந்த நாள்ல இருந்து ஒண்டும் மணக்கிற இல்ல. சோத்த திண்டா கடதாசி திண்ட மாதிரி."

கடையை நினைத்துத்தான் கலங்குகிறீர்கள் என்று நினைத்தேன். இல்லை. நீங்களே சொன்னீர்கள்: "மகள்ட புள்ள பொறந்தீக்குது. தலைய மோந்து பாக்கிறன், துணிய மோந்த மாதிரி ஈக்குது. மகள் கேக்கிறா, 'வாப்பா, எப்பிடி மணக்குது?' எண்டு. நான் பால் மணக்குது, பால் மணக்குது எண்டு சொல்லிக்கிட்டு ஈக்கிறன். என்னத்தச் சொல்ற?"

கடை கவிழ்ந்தாலும் இன்னொரு கடை போடுகிற ஆள் நீங்கள். பேத்தியின் மணம் தெரியாமல் இருப்பதுதான் உங்களைக் கொன்றது. எனக்குக் கோபம் வந்தது, இத்தனை நாள் எதிர்க் கடைக்காரனிடம்கூட வாயைத் திறக்காமல் நடித்துக்கொண்டிருந்தீர்களே என்று.

யாருக்கும் தெரியாமல் டொக்டரிடம் கூட்டிப்போனேன். மருந்து ஒன்றும் இல்லை, விதவிதமான வாசனைகளை மோந்து பழக வேண்டும், வந்தால் வரும் என்றார். "வந்தா வரும் எண்டு சொல்ல டொக்டர் எதுக்கு, மவுத்தானவன்ட மையத்துப் பெட்டி தூக்கிறவனே சொல்லுவானே" என்று பஸ்ஸில் திட்டிக்கொண்டே வந்தீர்கள்.

வழி கண்டுபிடித்தவள் என் மனைவி சரசுதான். "மோந்து பாக்குறதுன்னா ஆவி மேல வரணும்ங்க. சுடச்சுடச் சூப்பு வச்சுக் கொடுப்போம். கெழமைக்கு ஒரு சூப்பு, ஒவ்வொரு கெழமையும் வேற வேற. ஒரே சாவியத் திரும்பத் திரும்பப் போட்டா பூட்டுத் தெறக்குமா?" என்றாள். உங்கள் வீட்டில் செய்தால் விஷயம் வெளியே வந்துவிடும். அதனால் ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீடு என்று முடிவானது. உங்கள் வீட்டுக்குச் சொன்ன காரணம், டெய்லருக்குப் பொழுது போகவில்லையாம். நன்றாகத்தான் இருந்தது.

ஆட்டெலும்பு, கோழி, நண்டு, முருங்கையிலை, வல்லாரை என்று சரசு வைக்காத சூப்பு இல்லை. கலேவெலவுக்குப் போய் வருகிறவர்கள் கொண்டுவந்த மரக்கறியெல்லாம் சட்டிக்குள் போயிற்று. தக்காளியில் கறுவாப்பட்டை போட்டாள், இறாலில் ரம்பை இலை போட்டாள். ஒரு கிழமை எனக்கு அலுத்துப்போய் "ரசம் வச்சுக் கொடேன், அதுவும் சூப்புத்தானே" என்றேன். அவ்வளவுதான், அடுக்களையே அதிர்ந்தது. "ரசம் ரசம்தான், சூப்பு சூப்புத்தான்! ஏமாத்துறதுன்னா கடையில வச்சுக்குங்க." நீங்கள் கோப்பைக்கு மேல் துவாயைப் போர்த்திக்கொண்டு, ஆவிக்குள்ளே முகத்தை வைத்தபடி உள்ளேயிருந்தே நீதி சொன்னீர்கள்: "தங்கச்சி சொல்றது சரி தம்பி. நோன்புக் கஞ்சிய நாங்க சூப்பு எண்டா சொல்றம்?"

ஆனால் ஒன்றும் மணக்கவில்லை. துவாயை எடுக்கும்போது முகம் முழுக்க வேர்த்திருக்கும், கண் சிவந்திருக்கும். தலையை ஆட்டுவீர்கள். சரசு கோப்பையை எடுத்துக்கொண்டு போவாள்.

ஒரு ஞாயிறு அவள் முகம் வாடியதைப் பார்த்துவிட்டீர்கள் போல. துவாயை விலக்கி, "ஆ! ஏலம் மணக்குது தங்கச்சி! லேசா மணக்குது!" என்றீர்கள். நான் துள்ளி எழும்பினேன். சரசு அசையவில்லை.

"நானா, இதுல ஏலமே போடல."

நீங்கள் துவாயைத் திரும்பவும் முகத்துக்கு இழுத்துக்கொண்டீர்கள். பிறகு அவள்தான் சொன்னாள், தங்கச்சி அண்ணனிடம் எடுக்கிற உரிமையோடு: "எங்களுக்காகப் பொய் சொல்லாதீங்க. வீட்டுல புள்ளைக்காகச் சொல்ற பொய்யே போதும். இங்க மணந்தா மணக்குதுன்னு சொல்லுங்க, இல்லாட்டி இல்லைன்னு சொல்லுங்க." நீங்கள் சின்னப் பிள்ளையைப் போலத் தலையைக் குனிந்துகொண்டு, "இல்ல தங்கச்சி, ஒண்டும் மணக்கிற இல்ல" என்றீர்கள். அன்றைக்குத்தான் நான் உங்கள் முன்னால் அழுதேன். உங்களைச் சமாளிக்க வேண்டியவன் நான். நீங்கள் என்னைச் சமாளித்தீர்கள்.

அதற்குப் பிறகு வந்த ஒரு மழை ஞாயிறு. ரிவர்ஸ்டன் மலைப் பக்கமிருந்து இறங்குகிற குளிர் டவுன்வரைக்கும் வந்திருந்தது. சரசு அவளுடைய அக்கா வீட்டுக்குப் போயிருந்தாள், சூப்பு என் பொறுப்பு. இன்றைக்கு வைத்த அதே பூசணிக்காய், அதே பருப்பு. அன்றைக்கும் அதே கிரிக்கெட்தான், புத்தி எங்கே வரப்போகிறது. யானை வரும் பின்னே மணியோசை வரும் முன்னே என்பார்கள். உங்கள் இருமல் எப்போதும் உங்களுக்கு முன்னால் வரும். அன்றைக்கு இருமல் வரவில்லை, கூச்சல் வந்தது.

"தம்பி! கருகுது! என்னமோ கருகுது!"

கேட்டைக்கூடச் சாத்தாமல் ஓடி வந்தீர்கள். எங்கள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றி, காலைக் கழுவாமல் ஒருநாளும் உள்ளே வந்ததில்லை நீங்கள். அன்றைக்குச் சேற்றுச் செருப்போடு அடுக்களைவரைக்கும் வந்தீர்கள். நான் புகையை விசிற, நீங்கள் என்னைத் தள்ளிவிட்டு அந்தப் புகைக்குள்ளேயே தலையை விட்டீர்கள். இருமினீர்கள், திரும்பவும் மோந்தீர்கள், திரும்பவும் இருமினீர்கள்.

"கருகல் தம்பி! கருகல் மணக்குது! அல்ஹம்துலில்லாஹ்!"

நானும் நம்பித்தான் ஆக வேண்டும். சட்டியைப் பார்த்துச் சொல்லவில்லையே, கேட்டில் நின்றல்லவா சொன்னீர்கள். இரண்டு கிழவன்கள் புகைக்குள் நின்று கட்டிப்பிடித்துக்கொண்டு அழுததை அக்கம்பக்கத்தார் யாராவது பார்த்திருந்தால் வீட்டில் சாவு என்று பாய் கொண்டுவந்திருப்பார்கள். போகும்போது சட்டி அடியைக் கரண்டியால் சுரண்டி, அந்தக் கரித்துண்டைப் பேப்பரில் சுற்றி எடுத்துக்கொண்டு போனீர்கள், வழியில் மோந்து பார்க்கவாம். சரசு வந்து சட்டியைப் பார்த்துவிட்டு என்னை வெட்டிப் போடாத குறை. விஷயத்தைச் சொன்னதும் அந்தச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

கருகலுக்குப் பின்னால் ஒவ்வொன்றாக வந்தன. முதலில் மண்ணெண்ணெய், பிறகு மிளகு, பிறகு கராம்பு. அதிலும் நாற்றம் முந்தி, வாசம் பிந்தி. "ஷைத்தான் முன்னுக்கு வாறான், வானத்து மலக்கு பின்னுக்கு வாறாங்க" என்று சிரிப்பீர்கள். பேத்தியின் மணம் மட்டும் வரவில்லை. நாங்களும் சூப்பை விடவில்லை.

பிறகொரு நாள், ஞாயிறுகூட இல்லை, கடையில் சன நேரம், தெருவைத் தாண்டி வந்து என் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றீர்கள்.

"பால் மணம் இல்ல தம்பி," என்றீர்கள். "நான் இவ்வளவு நாளும் சொன்னது பொய். இப்ப மோந்து பாத்தன். வேர்வையும் தேங்காண்ணெயும். அது ஓடித் திரியிற புள்ளையாப் போயிட்டுதே, பால் மணக்கிற வயசு போயிட்டு. நான் பிந்திட்டன்." கண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது, வாய் சிரித்துக்கொண்டே இருந்தது. "பரவால்ல. புளிச்ச மணம் தம்பி! என்ட பேத்திட புளிச்ச மணம்!" வெட்டிக்கொண்டிருந்த துணியை நான் கோணலாக வெட்டிவிட்டேன். அந்தக் காற்சட்டைக்காரர் இன்றைக்கும் என்னோடு பேசுவதில்லை.

நீங்கள் போன அன்று ஜனாஸா வீட்டில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கபன் துணியில் கற்பூரம் மணந்தது. அந்தத் துக்கத்திலும் எனக்கு ஒரு எண்ணம் ஓடியது. கண்ணைத் திறந்திருந்தால் "இது என்ன மட்டமான கற்பூரம், எந்தக் கடையில வாங்கின?" என்று கேட்டிருப்பீர்கள். சிரிப்பு வந்துவிட்டது, தலையைக் குனிந்துகொண்டேன்.

உங்களிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்ட பழக்கம் இது ஒன்றுதான். முன்பெல்லாம் எனக்கு மூக்கு மூச்சுவிட மட்டும். இப்போது தெருவில் போகும்போது மல்லி வறுக்கிற மணம், மழை நனைத்த சாக்கு மணம், அடுத்த வீட்டுக் கருவாடு என்று எது வந்தாலும் நின்று மோந்து, மனதுக்குள் உங்களிடம் சொல்லிவிட்டுத்தான் நடக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைச் சூப்பும் நிற்கவில்லை. யாருக்காக என்று சரசுவும் கேட்பதில்லை, நானும் சொல்வதில்லை.

இன்றைக்குக் கேட்டில் யாரும் இல்லை. கருகினால் யாராவது சொல்லத்தானே வேண்டும்? நானே சத்தமாகச் சொன்னேன்: "கருகுது நானா, கருகுது!"

கொல்லைப்புறத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த சரசு ஓடி வந்தாள். சட்டியைப் பார்த்தாள், கேட்டைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். திட்டு விழும் என்று நின்றேன்.

"அடியைச் சொரண்டிப் பேப்பர்ல சுத்தி வைங்க" என்றாள்.

சுற்றி வைத்திருக்கிறேன், நானா.