மூன்றாம் கூடத்தின் கோப்பு

ஆண்டு 5, நாள் 211, 09:10
பூங்கோதை, தளப் பொறியாளர், நிலாக் குடியிருப்பு. நாடாளுமன்றக் கட்டுமானக் கண்காணிப்புக் குழுவுக்கு இங்கே இருக்கும் ஒரே ஆள். மூன்றாம் கூடத்தின் வடக்குச் சுவர் இணைப்பில் கசிவு. காற்றழுத்தம் மணிக்கு 0.2 விழுக்காடு குறைகிறது. கதவுக்குச் சிவப்பு முத்திரை வைத்தேன். குழு எடுக்கச் சொல்லும்வரை யாரும் குடியேற முடியாது. நான்காம் கூடத்திலும் இதே இணைப்புதான். இரண்டுக்கும் சேர்த்து ஒரே கோப்பு, எண் 31. மேஸ்திரி ஜெபமணி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார். இருக்கட்டும்.

நாள் 214, 11:30
அமைச்சர் பூமியில் இருந்தபடியே திரையில் ரிப்பன் வெட்டினார். கசியும் சுவரை மறைத்து அவர் படம் போட்ட பேனர். காற்றே வீசாத கூடத்தில் அந்த பேனர் சுவரோடு போய் ஒட்டிக்கொண்டது. எல்லோரும் கை தட்டினார்கள்.
11:34. கதவில் சிவப்பு முத்திரையின் விளக்கு தானாக அணைந்தது. நான் தொடவில்லை.

நாள் 214, 15:05
குழுச் செயலக அலுவலர் தில்லைநாயகம் பேசினார். நல்ல மனிதர். அவர் சொன்னது அப்படியே:
"மேடம், போன வாரம் விதியைத் திருத்திட்டாங்க. திறப்பு விழா நடந்தா வேலை முடிஞ்சதா கணக்கு. அதுக்கப்புறம் குழு கேள்வி கேக்க முடியாது. உயிரிழப்பு நடந்தா மட்டும் கோப்பைத் திறக்கலாம். அதுக்கும் தளப் பொறியாளர் கையெழுத்து வேணும்."
அடப் பாவிகளா! அந்தப் பாவிகளில் நானும் ஒருத்தி. கட்டி முடித்த உணவுக்கூடத்துக்கு மூன்று வருஷம் அறிக்கை எழுதி அலுத்துப்போய், கண்காணிப்புக்கு ஒரு முடிவு வையுங்கள் என்று மனு அனுப்பியவள் நான். வைத்துவிட்டார்கள்.

நாள் 215, 08:20
நாளை அறுபத்து நான்கு பேர் கப்பலில் வந்து இறங்குகிறார்கள். அதில் பதினொரு குழந்தைகள். தங்குமிடம்: மூன்றாம் கூடம். அமைச்சகத்துக்கு ஐந்து செய்திகள் அனுப்பினேன். ஐந்துக்கும் ஒரே பதில்: "முடிந்த பணி. பராமரிப்புப் பிரிவை அணுகவும்." பராமரிப்புப் பிரிவை இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.

நாள் 215, 16:40
நானே உள்ளே போய் அடைக்கப்போகிறேன். காற்று உடை, பசை, இரண்டு தகடு. கதவை வெளியிலிருந்து பூட்டச் சொல்லிவிட்டேன். ஜெபமணி வேண்டாம் என்று கெஞ்சினார்.

17:31, குரல் பதிவு
இணைப்பு பிளந்துவிட்டது. ஒரு ஆள் நுழையலாம். கூடத்தில் காற்று இல்லை. தகடு பறந்து வந்து காலைக் கிழித்தது. உடைமேல் டேப் சுற்றினேன். காற்று ஒழுகுகிறது. இருபது நிமிடம் தாங்கும்.
ஜெபமணி: "மேடம், கதவத் தொறக்கட்டா? சொல்லுங்க மேடம்!"
கதவைத் திறந்தால் தாழ்வாரத்துக் காற்றும் போய்விடும். அங்கே இருபத்திரண்டு தொழிலாளர்கள். ஒருவரிடமும் காற்று உடை இல்லை.
நான்: "தொறந்தீங்கன்னா எனக்குக் கெட்ட கோபம் வரும். கைய எடுங்க."
அழுகிறார். எனக்கும் அழுகை வருகிறது.

17:43
அமைச்சகம்: "மூன்றாம் கூட நிகழ்வை அறிந்தோம். குடியேறுவோர் நான்காம் கூடத்தில் தங்கவைக்கப்படுவர்."
நிகழ்வாம்! நான்காம் கூடத்திலும் இதே இணைப்புதானே!

17:46
உயிரிழப்புப் படிவம். கோப்பு 31.
பெயர்: பூங்கோதை. வயது: 43. காரணம்: வடக்குச் சுவர் இணைப்பு.
தளப் பொறியாளர் கையொப்பம்: பூங்கோதை.
பதில்: "ஏற்கப்படவில்லை. இறந்த நேரம் காலியாக உள்ளது."

17:49
இறந்த நேரம்: 17:48.
பதில்: "ஏற்கப்பட்டது. கோப்பு 31 திறக்கப்பட்டது. மூன்றாம், நான்காம் கூடங்களுக்குச் சிவப்பு முத்திரை. கப்பல் இறங்க அனுமதி இல்லை."

17:54
இன்னும் மூச்சு இருக்கிறது. குழுவிடம் யாரும் சொல்லிவிடாதீர்—