கிடாருக்கு மாற்றிய வால்வு செட்

அன்புள்ள என்று எழுதித்தான் இந்தக் கைக்குப் பழக்கம். அதனால், அன்புள்ள உங்களுக்கு,

எட்டு மாதம் கழித்து உங்கள் கடிதம் வந்தது. நாலே வரி. நாலும் வால்வு ஆம்ப்ளிஃபயரைப் பற்றி. பாட்டுக் கேட்கிற அந்த செட்டை கிடார் வாசிக்கிற மாதிரி மாற்றி, உங்கள் பாட்டுக் குழுவின் டிரம்ஸ்காரர் வேனில் வரும்போது கொடுத்தனுப்ப வேண்டுமாம். பெற்ற அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்க, தாளில் இன்னும் தாராளமாக இடம் இருந்தது.

அத்தைக்கு முழங்கால் வீக்கம் வடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு குளியலறை வரை நடக்கிறார். என்ன எழுதியிருக்கிறான் என்று கேட்டார். உங்களைத்தான் விசாரித்திருக்கிறார் என்று வாய் கூசாமல் சொன்னேன். எப்போது வருகிறான் என்று கேட்டதும், அடுப்பைப் பார்க்க எழுந்து போய்விட்டேன். திரும்பி வருகிற ஆள் சாமானை அனுப்பச் சொல்வாரா? அதுகூடப் புரியாத மக்கா நான்?

அந்த செட் கல்யாணத்துக்கு முன்பே என்னுடையது. குப்பைக்குப் போக இருந்ததை, அப்போது வேலை பார்த்த ரேடியோ பட்டறையில் நானே சரிசெய்து, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பாடுகிறவர் மூச்சு இழுப்பதுகூட அதில் கேட்கும். அதைப் போய் கரகரவென்று கத்த வைக்கச் சொல்கிறீர்கள். முடியாது போங்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். தூக்கிப் போட்டு உடைக்கலாமா என்றும் தோன்றியது. பாழாய்ப்போன கை சும்மா இருந்தால்தானே, திருப்புளியை எடுத்துவிட்டது.

பழைய கண்டென்சர்களை மாற்றிவிட்டேன். கிடாரிலிருந்து வருகிற சத்தம் மெலிசு என்பதால், இடது பக்கத்து வால்வை வலது பக்கத்துக்கு முன்னால் சேர்த்திருக்கிறேன். இனி அதில் ஸ்டீரியோ கேட்க முடியாது. சத்தம் பிசகினால் உடனே திருத்துவதற்கென்று பின்னாலிருந்து முன்னால் ஒரு கம்பி ஓடும். கிடாருக்கு அது ஆகாதென்று வெட்டினேன். உங்களுக்கு அந்த வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். என்னையும் அப்படித்தானே வெட்டிவிட்டீர்கள்! பக்கத்துக் கடைக்காரரின் கிடாரை இரவல் வாங்கி மாட்டிப் பார்த்தேன். நீங்கள் கேட்ட கரகரப்பு அப்படியே வந்தது. வயிற்றெரிச்சலோடு செய்தாலும் வேலையில் குறை வைக்க எனக்குத் தெரியவில்லை.

இன்னும் ஒன்று. பழைய இரண்டு பின் வயரை எடுத்துவிட்டு, எர்த்தோடு மூன்று பின் பிளக் போட்டிருக்கிறேன். மேடையில் சில இடங்களில் இரைச்சல் வரும். அப்போது உங்கள் கூட்டம் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாதா? எர்த் பின்னை ஒடித்துவிட்டு, இரைச்சல் போய்விட்டது என்று பல்லைக் காட்டுவீர்கள். அதன்பின் உள்ளே ஒரு வயர் நழுவிப் பெட்டியைத் தொட்டால், கிடார் கம்பியில் கரண்ட் பாயும். கை கம்பியில் இருக்கும், வாய் மைக்கில் இருக்கும்.

உங்களோடு பாடுகிறவள், இப்போது உங்களோடு இருக்கிறவள், இரைச்சலைப் பற்றி எவ்வளவு அலுத்துக்கொண்டாலும் சரி, அந்தப் பின்னில் மட்டும் கை வைக்காதீர்கள். கெஞ்சித்தான் கேட்கிறேன். இந்த வீட்டுக்கு வராவிட்டால் போகட்டும். எங்கேயாவது, யாரோடாவது, நூறு வயது வரை இருந்து தொலையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி