நெருப்புக் காய்ந்த நான்கு பெண்கள்

பள்ளங்கி,
சித்திரை 9

அன்புள்ள தம்பி வேலுமணிக்கு,

அக்கா அன்னக்கொடி எழுதுவது. நானும் மகள் முருகேஸ்வரியும் சுகம். டெல்லியில் நீ சுகமாக இருப்பதை உன் புத்தக அட்டையிலேயே பார்த்துக்கொண்டேன். சதை போட்டிருக்கிறாய்.

முருகேஸ்வரிக்குக் கல்லூரியில் அந்தப் புத்தகம்தான் பாடம். நாடுகள் எப்படி வளர்ந்தன என்று பொருளாதார அறிஞர்கள் சொன்னதை எனக்குப் படித்துக் காட்டினாள். சேமித்து இயந்திரம் வாங்கினால் வளர்ச்சி என்கிறார் ஒருவர். வளர்ச்சியில் ஆளாலும் இயந்திரத்தாலும் வந்ததைக் கழித்த பிறகும் பெரிய மிச்சம் நிற்கிறது, அது அறிவால் வந்தது என்கிறார் இன்னொருவர். மூன்றாமவரோ, விவசாயத்தில் தேவைக்கு மேல் ஆட்கள் கிடக்கிறார்கள், அவர்களை ஆலைக்கு அனுப்பினாலும் விளைச்சல் குறையாது என்கிறார். அவர் எங்கோ தீவில் பிறந்தவராம். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவர் நம் பள்ளங்கி மலைக்கு வந்ததில்லை.

நீ வந்தாய். வந்து பார்த்துவிட்டு நம் தோட்டத்தை உதாரணமாக எழுதினாய். 'ஏழு பெண்களில் மூவர் பூண்டு பிடுங்கினர். நால்வர் குடிசைக்குள் நெருப்புக் காய்ந்து கதை பேசினர். இந்த நால்வரால் கூடும் விளைச்சல் பூஜ்யம்.' அந்த நால்வரில் ஒருத்தி நான். எட்டாம் வகுப்போடு என்னை நிறுத்தித்தான் அப்பா உன்னைப் படிக்க வைத்தார். இன்னொருத்தியான இருளாயி, "நம்ம தம்பிதேன, ஏதோ தெரியாம எழுதிருக்கும், விடுங்க மதினி" என்றாள். என்னால் விட முடியவில்லை. வயிறு எரிந்தது.

நாங்கள் குளிர் காயவில்லை தம்பி. பரணில் தொங்கிய விதைப்பூண்டுக்குப் புகை போட்டுக்கொண்டிருந்தோம். தீ எழும்பினால் விதை வெந்துவிடும், அணைந்தால் பூஞ்சணம் பிடிக்கும். அதனால் கூடவே உட்கார வேண்டும். உட்கார்ந்தால் பேசத்தானே செய்வோம்.

போன தையில் உன் பங்குத் தோட்டத்தில் உன் புத்தகப்படியே நடந்தேன். மூவரை மட்டும் அனுப்பினேன். ஒரு பூண்டு குறையாமல் பிடுங்கி வந்தார்கள். அதுவரை நீ எழுதியது சரி. அந்த விதைக்கட்டுகளை உன் பங்கில் நிற்கும் தனிக் குடிசையில் தொங்கவிட்டேன். அங்கே யாரும் உட்காரவில்லை. இரண்டு மாதப் பனிமூட்டத்தில் அத்தனையும் கறுத்துவிட்டது. அள்ளி உரக்குழியில் கொட்டினேன். மனம் குளிர்ந்தது, மறைக்க மாட்டேன்.

வைகாசியில் வெளிநாட்டு அறிஞர்களைத் தோட்டம் பார்க்க அழைத்து வருவதாக எழுதியிருந்தாய். தாராளமாக வா. உன் பங்கு வெறும் மண்ணாகக் கிடக்கும். வரப்புக்கு இந்தப் பக்கம், நாங்கள் நால்வரும் புகை போட்ட விதை பச்சென்று நிற்கும். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று அவர்கள் கேட்பார்கள். நீயே உன் வாயால் சொல்ல வேண்டும். நான் பக்கத்திலேயே நிற்பேன். ஊரில் யாரிடமும் விதை கேட்டுப் போகாதே. சொல்லி வைத்திருக்கிறேன்.

அடுத்த பதிப்பில் அந்த வரியை அடித்துவிடாதே. நோய்நொடி இல்லாமல் நூறு வயது வாழ்ந்து, தினமும் அதைப் படி.

வைகாசியிலும் இங்கே குளிரும். உனக்குச் சிறுவயதிலிருந்தே சளி பிடிக்கும், கம்பளி எடுத்து வா. உன் குடிசையில் நெருப்பு இல்லை.

இப்படிக்கு,
நால்வரில் ஒருத்தி,
அன்னக்கொடி